சோற்றை எடுத்தால் குழம்பையும் மாற்ற வேண்டும்: மதுரை வீட்டில் பேலியோ சமையல்

மதுரையில் பேலியோ, அதாவது தானியத்தை விட்டுவிட்டுக் கறியும் முட்டையும் நெய்யுமாகச் சாப்பிடுகிற முறையை, ஆரம்பிக்கிற ஆட்கள் முதல் வாரத்தில் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் என்றால், வழக்கமாக வீட்டில் வைக்கிற அதே மட்டன் குழம்பை வைத்து, சோற்றை மட்டும் ஒதுக்கிவிட்டு, குழம்பும் கறியுமாகக் கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நாக்கு எரிகிறது, வயிறு எரிகிறது, நாள் பூராவும் தண்ணீர் தவிக்கிறது, வாரக் கடைசியில் பரோட்டாக் கடையில் இலையைப் போடச் சொல்லிவிடுகிறார்கள். நம் ஊர்க் குழம்பு ஒரு தட்டுச் சோற்றில் பிசைவதற்கென்று கூட்டிய குழம்பு. அதிலுள்ள உப்பு, புளி, மிளகாய் மூன்றுமே அந்தச் சோற்றுக்கும் சேர்த்துப் போட்ட அளவு. சோறு போனால் அந்த அளவும் போக வேண்டும். உப்பை மூன்றில் இரண்டு பங்கு, மிளகாயைப் பாதி, புளியைக் கால் பங்கு என்று வைத்துக்கொண்டு சமைத்துப் பாருங்கள், அதே குழம்பைக் கரண்டியால் அள்ளிக் குடிக்கலாம். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதியெல்லாம் நம் அப்பத்தாக்களுக்குத் தெரிந்த சமையல்தான்.

எதைச் சாப்பிடலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985இல் அமெரிக்காவில் ஈட்டன், கானர் என்ற இருவர் ஆதிமனிதன் உணவைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பேச்சு பெரிதானது. அங்கே தானியம், பருப்பு, சர்க்கரையோடு பாலும் கூடாது. நம்மூரில் பரவிய பேலியோவில் நெய், வெண்ணெய், பனீர், தயிர் எல்லாம் உண்டு. அரிசி, கோதுமை, பருப்பு, சீனி, வெல்லம், கிழங்கு கிடையாது. ஆக இது மாவுச்சத்தைக் குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடுகிற முறை, ஆதிமனிதன் பெயர் சும்மா பலகைக்கு. கீழடியில் ஆடு மாட்டு எலும்போடு காட்டுப்பன்றி, மயில் எலும்பு எல்லாம் கிடைத்தது என்று யாராவது எடுத்துவிட்டால் நம்பி மயங்காதீர்கள், 2600 வருடத்துக்கு முந்தைய அந்த ஊர்க்காரர்கள் விவசாயம் தெரிந்தவர்கள், நெல்லும் தின்றவர்கள்.

இன்னொரு கேள்வி எப்போதும் வரும்: கம்பு, கேழ்வரகு சாப்பிடலாமா, அது சிறுதானியம்தானே? நல்ல சாப்பாடுதான், ஆனால் இந்தக் கணக்கில் சேராது. 100 கிராம் கம்பிலும் கேழ்வரகிலும் மாவுச்சத்து 60 கிராமுக்கு மேல் இருக்கிறது. நாள் முழுக்க 40, 50 கிராமுக்குள் நிறுத்தப் பார்க்கிற ஆளுக்கு ஒரு கும்பா கூழிலேயே நாள் முடிந்துவிடும்.

சமையலுக்குள் போகும் முன் ஒன்று, இதைத் தாண்டிப் போகாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றை நிறுத்தக் கூடாது. சோறு இல்லாத உடம்பில் பழைய அளவு மருந்து போனால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு, யூரிக் ஆசிட் உள்ளவர்களும் அப்படியே. மற்றவர்களும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது, நாளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது கையில் இருக்கும்.

சரி, அலமாரியைத் திறப்போம். முதலில் வெளியே போக வேண்டியது வீட்டுக் குழம்புத்தூள். மில்லில் கொடுத்து அரைக்கும்போது மிளகாய், மல்லியோடு துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, ஒரு கைப்பிடி அரிசி என்று போட்டுத்தான் அரைப்போம், குழம்பு கெட்டியாக இருக்கட்டும் என்று. அடுத்த முறை மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, சோம்பு, மஞ்சள் மட்டும் வறுத்துத் தனியாகக் கால் கிலோ அரைத்துக்கொள்ளுங்கள். பெருங்காயத் தூள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கட்டிப் பெருங்காயத்திலும் மாவு கலக்காததாகப் பார்த்து வாங்கி நெய்யில் பொரித்துப் பொடித்துக்கொண்டால் வாசனையும் தூக்கும். தாளிக்கிற உளுந்தையும் கடலைப்பருப்பையும் நிறுத்துங்கள், கடுகும் சீரகமும் கறிவேப்பிலையும் போதும். கடலெண்ணெய் கடலையிலிருந்து வருவது, கடலை பயறு இனம், ஆகவே வேண்டாம். செக்கு நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், நெய் இருக்கிறது. வெண்ணெய் வாங்கி வீட்டில் உருக்குவதானால், பொன்னிறமாகி அடங்குகிற சமயத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டு இறக்குங்கள். அடியில் மொறுமொறுவென்று கிடக்கிற அந்தக் கீரை யாருக்கு என்பதில் எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும்.

கறிக்கடையில் என்ன கேட்பது

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கறிக்கடையில் எல்லோரும் தொடைக்கறி கேட்டு நிற்பார்கள். நீங்கள் நிற்க வேண்டாம். “அண்ணே, நெஞ்செலும்பு அரைக்கிலோ, சாப்ஸ் கால்கிலோ, கொழுப்போட போடுங்க” என்று கேளுங்கள். கொழுப்பைக் கழித்துவிட்டுக் கொடுப்பதுதான் மரியாதை என்று நினைக்கிற கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். ஈரல், குடல், சுவரொட்டி (மண்ணீரல்), ரத்தம் எல்லாம் மதுரையில் சுலபமாகக் கிடைக்கிற பொருள், சிலவற்றுக்குக் கறியைவிட விலையும் குறைவு, சத்தும் கூட. குடலைச் சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசிக் கழுவுகிற வேலைக்குப் பொறுமை வேண்டும் என்பது மட்டும்தான் கஷ்டம். மீனுக்கு நெல்பேட்டைப் பக்கம் போனால் கடல்மீனும் கிடைக்கும், கண்மாய் மீனும் கிடைக்கும். தினசரிக்கு மத்தியும் நெத்திலியும் எடுங்கள். வஞ்சிரம் வாங்கி வாங்கியே பாதியில் டயட்டை விட்டவர்கள் உண்டு, பட்ஜெட் தாங்காது.

சூப்பில் ஆரம்பிக்கலாம், ஏனென்றால் முதல் வாரத்துக்கு இதுதான் மருந்து. மாவுச்சத்து குறைந்ததும் உடம்பு தண்ணீரையும் உப்பையும் சேர்த்து வெளியே தள்ளும். தலைவலி, அசதி, கெண்டைக்கால் இழுப்பு எல்லாம் அதனால் வருவது. அந்த நாட்களில் உப்புப் போட்ட எலும்புச் சூப் ஒரு டம்ளர் காலையிலும் மாலையிலும் குடித்தால் தாண்டிவிடலாம் (ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்). அரைக்கிலோ நெஞ்செலும்புக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஐந்தாறு பல், ஒரு துண்டு இஞ்சி, ஒரு கரண்டி சீரகம், அரைக் கரண்டி மல்லி, இவற்றை அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். மிக்சியில் மையாக அரைத்தால் சூப் குழம்பு நிறமாகிவிடும். மஞ்சள், ஒரு தக்காளி, கறிவேப்பிலை, எல்லாம் சேர்த்துக் குக்கரில் ஏழெட்டு விசில், அல்லது அடி கனமான பாத்திரத்தில் சிறுதீயில் இரண்டு மணி நேரம். மிளகை மட்டும் இரண்டாகப் பிரித்து, பாதியை எலும்போடும் பாதியை இறக்குகிற நேரத்திலும் போடுங்கள், முதல் பாதி காரத்தைக் கொடுக்கும், பின்பாதி மணத்தைக் கொடுக்கும். மீந்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே கொழுப்பு ஏடாகக் கட்டும். அதை வழித்துக் கொட்டாதீர்கள், அடுத்து வருகிற சுக்காவுக்கு அதுதான் எண்ணெய். கடைச் சூப் நம்ப முடியாது, கெட்டியாக இருந்தால் கார்ன்ஃப்ளார் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

சுக்காவைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேச வேண்டும். மதுரைக்காரனுக்குச் சோறில்லாமல் சாப்பிடப் பழக்கமான கறி ஒன்று உண்டென்றால் இதுதான், பேலியோவுக்கென்று மாற்ற வேண்டியதும் அனேகமாக எதுவுமில்லை. அரைக்கிலோ கறியை எலும்போடு சின்னத் துண்டாக வெட்டி வாங்குங்கள். மஞ்சள், கொஞ்சமாக உப்பு, அரை டம்ளர் தண்ணீர், நாலைந்து விசில். இளங்கறி என்றால் மூன்று போதும். வெந்த தண்ணீரைக் கீழே கொட்டினால் பாவம் பிடிக்கும். இரும்புச் சட்டியைக் காயவைத்து, ஆட்டுக்கொழுப்பைச் சின்னச் சின்னதாக நறுக்கிப் போட்டு, தீயைக் குறைத்து உருக விடுங்கள். கொழுப்பு உருகிச் சக்கை பொன்னிறமானதும் சோம்பு, இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, அப்புறம் நறுக்கிய சின்ன வெங்காயம். சின்ன வெங்காயத்தில் 100 கிராமுக்குப் பதினாறு, பதினேழு கிராம் மாவுச்சத்து வருகிறது, பெரிய வெங்காயத்தில் ஒன்பது சொச்சம்தான். ஆனாலும் சுக்காவுக்குச் சின்ன வெங்காயத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, பத்துப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். வதங்கியதும் இஞ்சிபூண்டு, பச்சை வாடை போனதும் கறி. இப்போது அந்தக் கறித்தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கரண்டி கரண்டியாக விட்டு, ஒவ்வொரு தடவையும் வற்ற வைத்துப் பிரட்டுங்கள். சட்டியின் அடியில் பிடிக்கிறதை அடுத்த கரண்டித் தண்ணீர் கரைத்து எடுத்துக் கறிமேல் பூசும், சுக்காவின் கறுப்பு நிறமும் ருசியும் அதிலிருந்து வருவதுதான், மசாலாத் தூளிலிருந்து இல்லை. தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறிக்கொண்டே போகும், அதற்காகத்தான் முதலிலேயே கொஞ்சமாகப் போடச் சொன்னது. இறக்கும்போது புதிதாகப் பொடித்த மிளகு ஒன்றரைக் கரண்டி, சீரகப்பொடி அரைக் கரண்டி. அவ்வளவுதான். மிளகாய்த்தூள் போடவே வேண்டாம்.

கோலா உருண்டையில் பொட்டுக்கடலை இருக்கிறது, அதுதான் சிக்கல். பொட்டுக்கடலை ஈரத்தை உறிஞ்சி உருண்டையைப் பிடித்து வைக்கிறது, அதை எடுத்துவிட்டு அந்த வேலைக்கு வேறு ஆள் வைக்காவிட்டால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடும். கொத்துக்கறியை மஞ்சள், உப்பு, சோம்பு சேர்த்துச் சட்டியில் தண்ணீர் சுண்டும் வரை வதக்கி, நன்றாக ஆறவிட்டு, தேங்காய்த் துருவல், ஒரு கரண்டி வறுத்த கசகசா, பட்டை, கிராம்பு, பச்சைமிளகாயோடு தண்ணீர் விடாமல் அரைத்து, ஒரு முட்டையின் மஞ்சள்கரு மட்டும் சேர்த்துப் பிசையுங்கள். வெள்ளைக்கரு சேர்ந்தால் மாவு தளர்ந்துவிடும். பொரிக்கப் பணியாரச் சட்டி எடுங்கள், குழிக்கு அரைக் கரண்டி நெய், ஒரு உருண்டை. குழியே பிடித்து வைத்துக்கொள்வதால் உடைகிற பயமில்லை, பாதி வெந்ததும் பணியாரம் மாதிரிக் குச்சியால் திருப்பிவிடலாம்.

குழம்பு கெட்டியாக

பருப்பும் பொட்டுக்கடலையும் இல்லாமல் குழம்பு எப்படிக் கெட்டியாகும் என்று பலபேர் கேட்கிறார்கள். தேங்காயும் கசகசாவும் அரைத்து ஊற்றுவது ஒரு வழி, நாலைந்து ஊறவைத்த பாதாமைத் தோலுரித்துக் கூட அரைத்தால் இன்னும் நல்லது. தேங்காயே தினமும் வேண்டாம் என்பவர்கள் பிஞ்சுச் சுரைக்காயை வேகவைத்து அரைத்துக் கலக்கலாம், அதற்கென்று தனி வாசம் கிடையாது, குழம்போடு குழம்பாகப் போய்விடும். மீன் குழம்புக்குச் சுரைக்காய் சரிவராது, அங்கே தக்காளியை நன்றாக வதக்கிச் சுண்ட வைப்பதுதான் வழி. புளியைச் சுண்டைக்காய் அளவோடு நிறுத்தி, மாங்காய்க் காலத்தில் இரண்டு துண்டு மாங்காயைப் போடுங்கள், நத்தம் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்குகிற நேரத்தில் அதற்கு என்ன குறை. அயிரை கிடைத்தால் விடாதீர்கள். உயிரோடு வாங்கி வந்து, கல் உப்புப் போட்டு மண்சட்டியில் தேய்த்து அலசி, தேங்காய்ப்பாலில் விட்டுவைத்தால் வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கிவிடும். கொதிக்கிற குழம்பில் போட்டு ஐந்து நிமிடம், அதற்குமேல் கரண்டியே விடக்கூடாது, குலைந்துவிடும்.

முட்டைக்கு வருவோம். மதுரைக் கறி தோசையில் கீழே தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி. கீழே இருப்பதை எடுத்துவிட்டால் பேலியோ ஆகிவிட்டது! இரும்புக் கல்லை நன்றாகக் காயவைத்து நெய் விட்டு, இரண்டு முட்டையை உப்பு, மிளகோடு அடித்து ஊற்றி, தீயைக் குறைத்து, மேல்பக்கம் ஈரமாக இருக்கும்போதே முந்தின நாள் மீந்த சுக்காவை எலும்பு நீக்கி உதிர்த்துப் பரப்பி, கரண்டியால் அழுத்தி, மேலே இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டுத் திருப்புங்கள். சுக்கா மிஞ்சாத வீட்டில் கோலா உருண்டையை நசுக்கிப் போடலாம். கலக்கி என்கிற அரைவேக்காட்டு முட்டையும் இப்படியே, ஆனால் கடையில் அதற்குள் சால்னா ஊற்றுவார்கள், சால்னாவில் பொட்டுக்கடலை அரைத்துவிடுவது வழக்கம், வீட்டில் சூப்பை இரண்டு கரண்டி விட்டுக் கலக்கினால் அதைவிட நன்றாகவே வருகிறது.

வெள்ளி செவ்வாயில் கறி எடுக்காத வீடு, புரட்டாசி முழுக்கச் சுத்த சைவம், கார்த்திகையில் மாலை போட்ட ஆள் என்று நம் காலண்டர் இருக்கிறதே, அதற்கு வழி பார்க்காமல் இந்த ஊரில் எந்த டயட்டும் ஓடாது. பனீரைக் கடையில் வாங்காமல் கொழுப்பு எடுக்காத பாலில் எலுமிச்சை பிழிந்து திரித்தால் லிட்டருக்கு 150இலிருந்து 200 கிராம் வரை கிடைக்கும். துண்டு போட்டுப் பட்டர் மசாலா என்றெல்லாம் போகாமல், உதிர்த்து மிளகு சீரகம் போட்டு நெய்யில் பொடிமாஸ் செய்யுங்கள், நம் நாக்குக்கு அதுதான் ஒட்டும். கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் நல்லெண்ணெயில் வதக்கி மசித்துத் தயிர் ஊற்றினால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது. பாதாம் காலையில் கையளவு, முந்தின நாளே ஊறப்போட்டு, காயவைத்து நெய்யில் வறுத்தது. நூறு எண்ணித் தின்கிறவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் பசி, அவரவர் பர்ஸ்.

காலிஃப்ளவர் சோறு. பேலியோ என்றாலே எல்லோரும் இதைத்தான் காட்டுகிறார்கள், எனக்கு அத்தனை பிரியமில்லை, ஆனால் தட்டில் வெள்ளையாக ஏதாவது கிடந்தால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கிறது என்கிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து 28 கிராம் என்றால் இதில் ஐந்துதான். வெந்நீரில் உப்பும் மஞ்சளும் போட்டுப் பூவை முக்கிப் புழுவை எடுத்து, துணியில் பரப்பி ஈரம் போகக் காயவைத்து, அப்புறம்தான் துருவ வேண்டும். வேகவைக்கவே கூடாது. அகலமான சட்டியில் நெய் காய்ந்ததும் பெரிய தீயில் நாலைந்து நிமிடம் பிரட்டி, உப்பைக் கடைசியில் போடுங்கள், முன்னாலேயே போட்டால் தண்ணீர் விட்டுக் களியாகும். எலுமிச்சை, தேங்காய், மிளகு என்று கலந்த சோறாகச் செய்தால் எடுபடும், குழம்பு ஊற்றிப் பிசைந்தால் எடுபடாது. பூ விலை ஏறுகிற மாதங்களில் முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி இதையே செய்யலாம்.

விசேஷ வீடுகள்தான் பெரிய சோதனை. பாண்டி கோயிலில் கிடா வெட்டு, காதுகுத்து, வளைகாப்பு என்று மாசத்துக்கு ஒன்று வரும், போய்த்தான் ஆக வேண்டும். பந்தியில் “சோறு வேணாம்ணே” என்று சொன்னால் பரிமாறுகிற அண்ணன் விடமாட்டார், “சும்மா ரெண்டு கரண்டி வாங்குங்க மாப்ள” என்று இலையில் சரித்துவிட்டுத்தான் நகர்வார். வாங்கிக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒதுக்கிவைத்து, கறியையும் எலும்புச் சாற்றையும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் யாரும் கவனிப்பதில்லை. கறியை இரண்டு தடவை கேட்பதில்தான் விருந்து வைத்தவருக்குச் சந்தோஷமே. “என்னப்பா, சுகரா?” என்று கேட்கிற பெரியப்பாக்களுக்கு ஆமாம் என்றே சொல்லிவிடலாம், பேலியோவை விளக்க ஆரம்பித்தால் ரசம் வரைக்கும் பேச்சு முடியாது. திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியில் முனியாண்டி சாமிக்கு வருஷாவருஷம் பிரியாணி செய்து பிரசாதமாகவே கொடுப்பார்கள், அந்த மாதிரி இடத்தில் டயட் பேசுவதில்லை என்பது என் கொள்கை, கும்பிட்டு வாங்கித் தின்றுவிட்டு மறுநாள் காலையில் சூப்போடு ஆரம்பித்துக்கொள்ளலாம்.

டீக்கடைதான் மிச்சம். பாலும் டிக்காக்‌ஷனும் பரவாயில்லை, சீனிதான் வேண்டாம், ஆனால் மாஸ்டரின் கை யோசிக்காமல் சீனி டப்பாவுக்குப் போய்விடும். அதனால் கடைக்குள் நுழையும்போதே சொல்லிவிடுங்கள், டம்ளரை எடுத்து அடுக்கிய பிறகு சொன்னால் பாதி நாள் கரண்டி உள்ளே விழுந்திருக்கும்.